இன்னும் கொஞ்சம் ட்ரெபிள்

போன புதன்கிழமை எறணாகுளத்தில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தோம். நானும் இவரும்.

இவரை ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். 'பீப்' என்று சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை. வெளியே ஒரு பெண் மெஷினைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் டக் டக்கென்று அமுக்கினார். அப்புறம் கொஞ்சம் யோசித்து அமுக்கினார். அப்புறம்... ஒன்றுமே இல்லை. அந்தப் பெண் திருகிக்கொண்டே இருக்கிறாள். இவர் பொத்தானையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

கால் மணி நேரத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். தாளில் ஒரு கோடு. இடப்பக்கம் சமமாக வந்து, பாதிக்கு மேல் சரசரவென்று கீழே இறங்கிவிடுகிறது. டாக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றும் டாக்டருக்குப் படித்தவள் இல்லை. மட்டாஞ்சேரியில் டிடிபி சென்டர் வைத்துக்கொண்டு நாள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகையும், சரம அறிவிப்பு என்று இங்கே சொல்கிற சாவுச் செய்தியும் டைப் அடிப்பவள். ஆனால் இந்தக் கோட்டை எனக்குத் தெரியும். என் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டின் ட்ரெபிளை, அதாவது மேல் சத்தங்களை, சுத்தமாக வெட்டினால் அசல் இதே கோடுதான் வரும்.

"மேல் சத்தங்கள் போய்விட்டன. திரும்ப வராது" என்றார் டாக்டர். "என்ன வேலை செய்கிறார்?"

மைக் செட், என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

என் வீட்டுக்காரர் கணேசனைப் பற்றி இந்தப் பக்கத்தில் அவ்வப்போது எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வருஷமாக மைக் செட்காரர். கல்யாணம், உற்சவம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுவார். இங்கே அந்தக் குழாய்க்குக் கோளாம்பி என்று பெயர். மனிதருக்குத் தெரிந்த ஒரே தொழில் அது. காது கேட்காத மைக் செட்காரரை எந்தக் கமிட்டி கூப்பிடும்? வந்த ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்தியில் ஒரு அம்மன் கோயில் உற்சவத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் அதுவே கடைசி உற்சவம்.

அப்படியானால் இதை ஏன் பத்திரிகையில் எழுதுகிறாய் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். "எழுதிக்கோ. கமிட்டிக்காரங்க யாருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்?" என்றார். இவருக்கே எழுத்துக்கூட்டித்தான் வரும். தாத்தா காலத்தில் தென்காசிப் பக்கத்திலிருந்து இங்கே வந்த குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், படித்தது மலையாளம்.

விஷயம் வெளிப்பட்டது என்னால்தான். இன்னும் சரியாகச் சொன்னால், என் ட்ரான்ஸ் பாட்டால்.

சிரிக்காதீர்கள். நாற்பத்து மூன்று வயதில் எனக்கு எதற்கு ட்ரான்ஸ்? போன வருஷம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகை வாங்கினேன், புது ஃபாண்ட் கிடைக்கும் என்று. கூடவே இலவசமாக ஒரு சிடி ஒட்டியிருந்தது. அதில் ஃபாண்ட் இல்லை. இசை செய்கிற சாஃப்ட்வேர் ஒன்றின் டெமோ இருந்தது, மாதிரிக்கு ஒரு பாட்டும் இருந்தது. 'அப்லிஃப்டிங் ட்ரான்ஸ்' என்று பெயர் போட்டிருந்தார்கள். மனசைத் தூக்கிவிடுகிற இசையாம். நம்மைத் தூக்கிவிட யாராவது வந்தால் வேண்டாம் என்றா சொல்லப்போகிறோம்?

கேட்டேன். நிமிடத்துக்கு நூற்று முப்பத்தெட்டு அடி. என் பிரஷரும் ஏறக்குறைய அதுதான். தொம் தொம்மென்று ஒரே அடி போய்க்கொண்டிருக்கிறது. வார்த்தை இல்லை, பாடுகிறவர் இல்லை. நாலு நிமிஷம் கழித்து அடி முழுவதும் நின்றுவிடுகிறது. வெறும் ஸ்வரங்கள் மட்டும் மெதுவாக எழும்புகின்றன. எழும்பி, எழும்பி, இதற்கு மேல் இடமில்லை என்கிற உயரத்தில் ஒரு நொடி நிற்கின்றன. பிறகு அடி திரும்ப வந்து விழுகிறது.

அன்று காலை மூன்று சரம அறிவிப்புகள் டைப் அடித்திருந்தேன். அந்த ஒரு நொடியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்றுவரை தெரியாது. இதை நானும் செய்து பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

செய்வது அவ்வளவு லேசா?

காலை ஐந்து முதல் ஏழு வரைதான் எனக்கு நேரம். ஏழு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிடும். கிக் என்கிற அந்தத் தொம் அடியும், அதற்குக் கீழே உறுமுகிற பேஸும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும், ஒற்றை பாத்ரூம் இருக்கிற வீட்டில் காலை வேளை மாதிரி. இரண்டையும் பிரித்து வைக்கவே ஆறு வாரம் ஆனது. எதிரொலியைக் கொஞ்சம் கூட்டினால் பாட்டு முழுக்கக் கிணற்றுக்குள் போய் விழும். குறைத்தால் வறட்டென்று நிற்கும். ஆங்கிலத்தில் உதவிக் குறிப்பு நானூறு பக்கம். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

எல்லாவற்றையும் விடப் பெரிய கொடுமை — அது டெமோ. பாட்டை முழுதாக வெளியே எடுக்கலாம். ஆனால் செய்த வேலையை மறுநாள் திரும்பத் திறக்க முடியாது! கம்ப்யூட்டரை அணைத்தால் எல்லாம் போச்சு. கரண்ட் போனாலும் போச்சு. அதனால் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். எந்த ஸ்வரம் எங்கே, எந்தச் சத்தம் எவ்வளவு, எந்தத் திருகு கடிகார முள் மாதிரி எத்தனை மணியில் திரும்பி நிற்கிறது என்று எல்லாம். ஒரு சின்னத் திருத்தம் செய்ய வேண்டும் என்றால் நோட்டைப் பார்த்துப் பாட்டை முதலிலிருந்து கட்ட வேண்டும். அப்படி எட்டு மாதத்தில் முப்பது முறையாவது கட்டியிருப்பேன். எனக்கே என் மேல் பரிதாபம் வந்துவிட்டது.

ட்யூன் ஒருவழியாக வந்துவிட்டது, நடுவில் அடி நின்று ஸ்வரங்கள் ஏறுகிற அந்த இடம் உட்பட. நல்ல ட்யூன் என்றே சொல்வேன், அடக்கம் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் இருந்தது மிக்ஸிங். எந்தச் சத்தம் எவ்வளவு முன்னால் நிற்க வேண்டும், எது பின்னால் போக வேண்டும் என்கிற பஞ்சாயத்து அது. அதில் ஒரு சிக்கல் உண்டு. ஹெட்போனைப் போட்டு ஒரு மணி நேரம் கேட்டால் காது எதற்கும் பழகிவிடும். கர்ண கொடூரமும் கச்சேரியாகக் கேட்கும். புதுக் காது ஒன்று வேண்டும்.

வீட்டிலேயே இருபத்தாறு வருஷக் காது ஒன்று இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்?

ஒவ்வொரு ஞாயிறும் இவரை உட்காரவைத்து ஹெட்போனை மாட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, அசையாமல் ஏழு நிமிஷமும் கேட்பார். நான் எழுதும் பத்தியை ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை, அது வேறு விஷயம். முடிந்ததும் கண்ணைத் திறப்பார்.

"கொள்ளாம் செல்வி, நல்லாத்தான் இருக்கு. ஆனா மேல ஒண்ணும் வரலியே. இன்னும் கொஞ்சம் ட்ரெபிள் குடு."

கொடுத்தேன். மறு ஞாயிறும் அதையேதான் சொன்னார். அதற்கடுத்த ஞாயிறும்.

ஒரு தடவை, "காதைக் குத்துற மாதிரி இல்லியா?" என்று கேட்டேன். "நீ டைப் அடிக்கற ஆளு. இது எங்க டிப்பார்ட்மென்ட்" என்றார். சரிதானே? குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே வாழ்ந்த மனிதர். அவரை விட எனக்கா தெரியும்? நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான். அனுபவஸ்தர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டால் சொந்தக் காதைக் கழற்றிப் பையில் வைத்துவிடுவோம். வாரம் கொஞ்சமாக ஏற்றியதால் என் காதும் கூடவே பழகிக்கொண்டது. உள்ளுக்குள் ஒரு முணுமுணுப்பு மட்டும் இருந்தது. அதை நான் மதிக்கவில்லை.

போர்ட் கொச்சியில் ஜோஸ் சேட்டன் என்று ஒருவர் சின்னதாக ஒரு கஃபே நடத்துகிறார். வெளிநாட்டுக்காரர்கள் சாயங்காலம் வந்து உட்காரும் இடம். அவருடைய மெனு கார்டை டைப் அடித்துக் கொடுப்பது நான். பேச்சுவாக்கில் என் பாட்டைப் பற்றிச் சொன்னேன். ஆச்சரியப்பட்டார். "கொண்டு வாங்க சேச்சி. நல்லா இருந்தா தினமும் இங்கே போடலாம்" என்றார். எட்டு மாத உழைப்புக்கு முதல் முறையாக வெளியாள் ஒருவர் காது கொடுக்கப்போகிறார். எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

சிடியை எடுத்துக்கொண்டு நான்கு மணிக்குப் போனோம். இவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். உள்ளே ஏழெட்டுப் பேர் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். ஜோஸ் சேட்டன் சிடியைப் போட்டார். நான் யார் முகத்தையும் பார்க்கத் தைரியமில்லாமல் ப்ளேயரில் ஓடும் நிமிஷ எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் நிமிஷம் வெறும் அடி. பிழைத்தேன். இரண்டாவது நிமிஷம் மேல் சத்தங்கள் வந்தன.

நல்ல ஸ்பீக்கரில் அன்றுதான் முதல் முறையாக என் பாட்டைக் கேட்டேன். ஐயோ... பாத்திரக் கடையில் யாரோ ஊசியால் கீறிய மாதிரி இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு வெள்ளைக்கார அம்மா டிஷ்யூ பேப்பரைக் கிழித்து உருட்டிக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். மூன்றாவது நிமிஷத்தில் ஜோஸ் சேட்டன் நிறுத்திவிட்டார்.

"சேச்சி, ஒண்ணும் நினைக்கக் கூடாது. இது பாட்டா, தடி மில்லா?"

தடி மில் என்றால் மரம் அறுக்கும் இடம். காதில் ரத்தம் ஏறியது எனக்கு. எட்டு மாதமும் வீண் என்று நினைத்துக்கொண்டே இவரைத் தேடினேன். இவர் சுவர் ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருந்தார். கை இன்னும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அந்தக் கடையில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவர்தான்.

"ஏன் நிறுத்திட்டாரு? நல்லாத்தானே போச்சு" என்றார்.

அந்த நிமிஷமே எனக்கு ஒரு சந்தேகம் விழுந்தது.

மறுநாள் காலை பாட்டைத் திரும்பக் கட்டினேன். அதில் ஹை-ஹேட் என்று ஒன்று உண்டு. 'ட்ஸ் ட்ஸ்' என்று சின்னத் தாளத் தட்டு போடும் சத்தம், பாட்டிலேயே மெல்லிசான சத்தம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அதை மட்டும் தனியாக வைத்து, ஸ்பீக்கரில் முழு வால்யூமில் விட்டேன். சன்னலில் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போய்விட்டது.

இவர் பக்கத்தில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தார்.

"கேக்குதா?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "ம்... கேக்குது. இன்னும் கொஞ்சம் கூட்டலாம்."

நான் அதையும் அணைத்துவிட்டேன். ஸ்பீக்கரில் இப்போது ஒன்றுமே இல்லை.

"இப்ப?"

"ஆங். இப்ப சரியா இருக்கு."

அவர் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இரண்டு நாள் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டுவிட்டால் உண்மையாகிவிடுமே. மூன்றாம் நாள் சாப்பாடு பரிமாறும்போது, கையில் கரண்டியோடு கேட்டுவிட்டேன்.

"எத்தனை நாளா இப்படி?"

எது என்று அவர் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ரெண்டு வருஷமாச்சு."

"அப்புறம் எப்படிங்க வேலை செய்யறீங்க? மைக் கூவுமே... அது தெரியணுமே?"

மைக் கூவுவது என்றால் தெரியும்தானே? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள்ளேயே திரும்பப் போய், கீய்ய்ய் என்று ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். அது கிளம்பும்போதே கண்டுபிடித்து ட்ரெபிளைக் குறைப்பவர்தான் மைக் செட்காரர். கோட்டைவிட்டால் மானம் போகும்.

"முன் வரிசையைப் பாப்பேன்" என்றார். "கூவ ஆரம்பிச்சா முதல்ல முன்னாடி உக்காந்திருக்கறவங்க முகம் சுளிக்கும். பெரும்பாலும் பொம்பளைங்க முகம். அதைப் பாத்ததும் குறைச்சிருவேன். அரை நொடி லேட்டாகும், அவ்வளவுதான்."

இரண்டு வருஷம்! ஊர் முகங்களைப் பார்த்துப் பார்த்தே மைக் செட் நடத்தியிருக்கிறார். பக்கத்தில் படுக்கிற எனக்குத் தெரியவில்லை. டிவியை ஏன் இப்படி அலறவிடுகிறீர்கள் என்று சண்டை போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. ஒரே நேரத்தில் கோபமும் பாவமும். எதை முதலில் படுவது என்று தெரியாமல் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

அதற்குப் பிறகுதான் புதன்கிழமை, டாக்டர், கோடு எல்லாம். காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சு தெளியும், இந்த வேலைக்கு அது உதவாது என்றார் டாக்டர். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்காதீர்கள் என்றார். திரும்பி வரும் படகில் இவர் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைக்கு முடியாதுன்னு சொல்லிரட்டா?" என்றார். "கமிட்டி ஆளு போன தடவையே ஒரு மாதிரி பாத்தாரு. மூணு தடவை கூவிருச்சு."

எனக்கு அப்போது இருந்த அலுப்பில் ஆமாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் முடியாது என்று சொல்லிவிட்டு இந்த மனிதர் திங்கட்கிழமை காலை எங்கே போய் உட்காருவார்? என் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பாரா? "நானும் வர்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளுருத்தி. மேடைக்கு இடப்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே மேஜை, மேஜை மேல் ஆம்ப்ளிஃபயர். அதற்குப் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஏற்பாடு இதுதான். கூவல் கிளம்பும்போதே நான் அவர் முழங்காலில் ஒரு தட்டு தட்ட வேண்டும். அவர் குறைக்க வேண்டும். எட்டு மாதம் ஹெட்போனுக்குள் கிடந்ததில் ஒரு லாபம், கூவல் எங்கே பிறக்கிறது என்று என் காதுக்கு நன்றாகவே தெரிந்துவிட்டிருந்தது.

கமிட்டிச் செயலாளர் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "கணேசா, சேச்சி எந்தா இவிடெ?"

"அசிஸ்டென்ட்" என்றார் இவர், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

முதல் ஒரு மணி நேரத்தில் பதினோரு தட்டு. ஒரு கூவல் கூட வெளியே போகவில்லை. குழந்தைகள் ஆடினார்கள், யாரோ பாடினார்கள், நான் யாரையும் பார்க்கவில்லை. தோள் வலித்தது. காலையில் தண்ணீர் பிடித்த அலுப்பு, இரண்டு பஸ் மாறி வந்த அலுப்பு. என் பாட்டை நினைத்துக்கொண்டேன். நோட்டு இருக்கிறது, ட்ரெபிளை இறக்கி முப்பத்தோராவது முறை கட்டலாம். கட்டத் தெம்பு வேண்டுமே.

செயலாளர் நன்றியுரையை ஆரம்பித்தார். நீளமான உரை என்று முகத்திலேயே தெரிந்தது. ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்ததை அப்போது கேட்டேன், இவர் காதுக்குப் பக்கத்தில் குனிந்து.

"ஏங்க, கேக்கலேன்னு உங்களுக்கே தெரியுமே. அப்புறம் எதுக்கு ஒவ்வொரு வாரமும் ட்ரெபிளை ஏத்து, ஏத்துன்னு சொன்னீங்க? என் பாட்டு நாசமாப் போச்சே."

ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தபடியே சொன்னார்.

"நடுவுல அடி எல்லாம் நின்னு, மேல ஏறி ஏறிப் போகும்னு சொன்னியே, உனக்கு அழுகை வந்த இடம்... அந்த இடம் வந்தா எனக்கு ஒண்ணுமே கேக்கல செல்வி. நீ செஞ்சதாச்சே. ஒரு தடவையாவது கேட்டுரணும்னுதான் ஏத்தச் சொன்னேன்."

திருகிலிருந்து கையை எடுக்காமலே தொடர்ந்தார்.

"ஒவ்வொரு வாரமும் இன்னும் கொஞ்சம் ஏத்தினா கேட்டுரும்னு தோணிச்சு."

ஜோஸ் சேட்டன் கடையில் அத்தனை பேர் காதைப் பொத்தியதை மட்டும் எப்படிக் கவனிக்கவில்லை என்று கேட்டேன். முகம் பார்த்துப் பிழைக்கிற ஆளாயிற்றே?

"அன்னிக்கு நான் உன் முகத்தைத்தானே பாத்துட்டு இருந்தேன்" என்றார்.

அந்த நேரம் பார்த்து மைக் கீய்ய்ய் என்று கூவியது. முன் வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. செயலாளர் பேச்சை நிறுத்தி எங்கள் பக்கம் முறைத்தார். இவர் முன் வரிசையைப் பார்த்து, பதறிப்போய்த் திருகைக் குறைத்தார்.

அன்றைய உற்சவத்தில் மைக் கூவியது அந்த ஒரே ஒரு தடவைதான். தட்ட மறந்தது நான்.